அம்மிக்கல்லும் அணைக்கட்டும்: விரிசல் விட்ட பாறை எப்படி வழுக்குகிறது?

"அம்மி கொத்தறது, ஆட்டுக்கல் கொத்தறது" என்று கூவிக்கொண்டு தெருவில் ஒருவர் வருவார். மிக்ஸி வந்த பிறகு அந்தக் குரல் அநேகமாக நின்றுபோய்விட்டது. அம்மியை எதற்குக் கொத்த வேண்டும்? அரைத்து அரைத்து அம்மியும் குழவியும் மழமழவென்று ஆகிவிடும். மிளகாயை வைத்து இழுத்தால் குழவி பிடிப்பே இல்லாமல் வழுக்கி ஓடும். மிளகாய் அப்படியே கிடக்கும். உளியால் மேலெல்லாம் புள்ளி புள்ளியாகக் கொத்திவிட்டால் மறுநாளே பிடிப்பு வந்துவிடும். கல் என்னவோ அதே கல்தான். மாறியது அதன் மேல்தோல் மட்டும்.

விரிசல் விட்ட பாறை எப்படித் தோற்கிறது என்பதில் பாதி விஷயம் இந்த அம்மியிலேயே இருக்கிறது. மீதிப் பாதி தண்ணீர். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். நல்ல கருங்கல்லை உருளையாக வெட்டி லேபில் வைத்து அமுக்கினால் 150 மெகாபாஸ்கல் தாங்குவது சாதாரணம். உள்ளங்கை அகலத்துக்கு, அதாவது 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் பரப்பின் மேல், 150 டன்னை ஏற்றி வைத்த மாதிரி. வீடு கட்டும் கான்கிரீட் இதில் ஆறில் ஒரு பங்கு தாங்கினாலே நல்ல கான்கிரீட் என்போம். அப்படிப்பட்ட கல்லைக் குடைந்து போட்ட மலைச்சாலையின் ஓரம், நாலு நாள் மழைக்குள் பொலபொலவென்று சரிவது எப்படி?

லேபுக்குப் போன கல்லும் மலையில் இருக்கும் பாறையும் ஒன்றல்ல. துளையிட்டு மாதிரி எடுக்கும்போது, விரிசல் ஓடிய இடத்தில் கல் அங்கேயே இரண்டாகிவிடும். உடையாமல் முழுசாக வெளியே வந்த துண்டுதான் சோதனைக்குப் போகும். ஆக, மலையின் மிகப் பலமான பகுதியை மட்டும் பொறுக்கி எடுத்துச் சோதித்துவிட்டு, மலையே இவ்வளவு பலம் என்று ரிப்போர்ட் எழுதுகிறோம். இந்த எண்ணைப் பார்த்து நிம்மதியடைகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

விரிசல் இல்லாத மலை கிடையாது. எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கி விரிசல் விடுகிறது. நிலத்தட்டுகள் நெருக்கும்போது விடுகிறது. மேலே கிடந்த பாறைச் சுமை கோடிக்கணக்கான வருடங்களில் அரித்துப் போனதும், அடியில் அமுங்கிக் கிடந்த பாறை மூச்சு விட்ட மாதிரி உப்பி, வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காகப் பிரிகிறது. கல் குவாரியில் வேலை செய்கிறவர்கள் எந்தப் பக்கம் ஆப்பு அடித்தால் பாறை சுலபமாகப் பிளக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். எந்த மலையிலும் அந்தப் பக்கம் என்று ஒன்று இருக்கும்.

ஷியர் என்றால் என்ன?

சீட்டுக்கட்டை மேசையில் வைத்து மேல்சீட்டை மட்டும் பக்கவாட்டில் தள்ளுங்கள். ஒரு சீட்டு இன்னொன்றின் மேல் வழுக்கிப் போகிறது. அமுக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. பரப்புக்கு இணையாகத் தள்ளுகிறோம். பாடப்புத்தகம் இதைச் சறுக்குப்பெயர்ச்சித் தகைவு என்கிறது. சைட்டில் எல்லோரும் ஷியர் என்பார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு கடப்பாக்கல் பலகையின் மேல் அதே கல்லின் சின்னத் துண்டு ஒன்றை வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்கிக்கொண்டே போங்கள். ஏதோ ஒரு சாய்வில் துண்டு வழுக்கத் தொடங்கும். அந்தச் சாய்வுக்கு உராய்வுக் கோணம் என்று பெயர். இப்போது துண்டின் மேல் இன்னொரு கல்லை ஏற்றிவைத்து மறுபடி தூக்குங்கள். ஏறக்குறைய அதே கோணத்தில்தான் வழுக்கும்! எடை கூடினால் கீழே இழுக்கும் விசை கூடுகிறது. பரப்பை அமுக்கிப் பிடிக்கும் விசையும் அதே அளவில் கூடுகிறது. இரண்டும் சரிக்குச் சரியாகிவிடுகின்றன. சமதளமாக அறுத்த பெரும்பாலான பாறைகளுக்கு இந்தக் கோணம் 25 முதல் 35 பாகைக்குள் வரும். ஆராய்ச்சிக்கூடங்களிலும் இதே சோதனையைத்தான் செய்கிறார்கள். பலகையைத் தூக்க அங்கே ஒரு மோட்டார் இருக்கும், அவ்வளவுதான்.

பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் கூலும் (Coulomb) இதை 1773-ல் ஒரு கணக்காகவே எழுதிவிட்டார். மின்னூட்ட விதியில் வரும் அதே கூலும்தான். வழுக்கலுக்கு எதிர்ப்பு இரண்டு பங்கு என்றார்: பரப்புகள் ஒட்டிக்கொண்டிருப்பதால் வரும் பிணைப்பு ஒன்று, அமுக்கும் விசைக்கு ஏற்றபடி வளரும் உராய்வு இன்னொன்று. விரிசல் முழுசாக ஓடிவிட்ட இடத்தில் பிணைப்பு போய்விட்டது; உராய்வு ஒன்றுதான் துணை. பல மலைகளில் விரிசல் ஒரே கோடாக ஓடுவதில்லை. இடையிடையே விரிசல் எட்டாத முழுப் பாறை, பாலம்போல நின்று இரு பக்கத்தையும் பிடித்திருக்கும். முப்பது வருடம் அசையாமல் நின்ற சரிவு ஒரு நாள் திடீரென்று இறங்குவதற்கு இந்தப் பாலங்களும் ஒரு காரணம். ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும். வெளியே ஒன்றும் தெரியாது.

பற்கள்

கடப்பாக்கல்லை ரம்பம் அறுத்துச் சமமாக்கியிருக்கிறது. மலையில் ஓடும் விரிசல் அப்படி இருக்காது. மேலும் கீழும் மேடும் பள்ளமுமாக, இரண்டு சீப்புகளின் பற்கள் கோத்துக்கொண்ட மாதிரி இருக்கும். அப்படிக் கோத்திருக்கும்போது மேல்பாறையைப் பக்கவாட்டில் தள்ளினால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த பாட்டன், 1966-ல் இதற்கு ஓர் எளிய வழி கண்டார். ரம்பப் பல்போல வெட்டிய பிளாஸ்டர் கட்டிகளை ஒன்றின் மேல் ஒன்று கோத்து வைத்துத் தள்ளிப் பார்த்தார். மேலே சுமை குறைவாக இருந்தபோது, மேல்கட்டி பல்லின் சரிவில் ஏறி மறுபக்கம் கடந்தது. பக்கவாட்டில் நகரும்போதே கட்டி மேலே எழும்பவும் செய்தது. எழும்ப வேண்டுமென்றால் அவ்வளவு சுமையையும் தூக்க வேண்டும். அதனால்தான் எதிர்ப்பு அதிகம். கல்லின் சொந்த உராய்வுக் கோணம் 30 பாகை, பல்லின் சரிவு 15 பாகை என்றால், இரண்டும் கூடி 45 பாகைபோல வேலை செய்கிறது.

சுமையைக் கூட்டிக்கொண்டே போனார். ஒரு கட்டத்துக்கு மேல் அவ்வளவு எடையைத் தூக்கி ஏறிக் கடப்பதைவிடப் பல்லை அறுத்துக்கொண்டு போவது சுலபமாகிவிட்டது. பற்கள் அடியோடு முறிந்தன. அதற்குப் பிறகு சுமை ஏறினாலும் எதிர்ப்பு முன்பு ஏறிய வேகத்தில் ஏறவில்லை.

கலங்கலாக இருந்த ஒரு விஷயம் இதில் தெளிந்தது. ஒரே விரிசல், சுமை குறைவான மலைச்சரிவில் ஒரு விதமாகவும், ஆழத்தில் நெருக்கிப் பிடித்த சுரங்கத்தில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். சரிவில் மேல்பாறை எழும்ப இடம் உண்டு. தலைக்கு மேல் வானம்தான். சுரங்கத்தில் சுற்றிலும் பாறை. எழும்பப் பார்க்கும் துண்டை அக்கம்பக்கத்துப் பாறை அமுக்கும். அமுக்கம் கூடக்கூட உராய்வும் கூடும். நகர முயன்றதாலேயே அந்தத் துண்டு இன்னும் இறுகிவிடுகிறது. கூரையில் பிளவுகள் நிறைந்த சுரங்கங்கள்கூட நிற்பதில் இந்த இறுக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு முறை பற்கள் முறிந்துவிட்டால் திரும்ப முளைக்காது. லேபில் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு விரிசலைத் தள்ளினால், சுமார் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்ததுமே எதிர்ப்பு உச்சிக்குப் போய்விடும். அதற்கு அப்புறம் இறக்கம்தான். பற்கள் நொறுங்கி, மாவாகி, பரப்பு மழுங்கி, கடைசியில் ஓர் அடிமட்ட அளவில் நிற்கும். அதை எஞ்சிய பலம் என்பார்கள். பழைய அம்மி நினைவுக்கு வருகிறதா? மலைக்கு உளியோடு வந்து கொத்திவிட ஆள் கிடையாது. ஒரு தடவை சரிந்து நின்ற மலை அதே இடத்தில் மறுபடி சரிவதற்குக் குறைந்த காரணமே போதும்.

சரி, உண்மையான விரிசலில் பற்கள் ரம்பம்போல ஒரே அளவில் இருப்பதில்லையே, அதை எப்படிக் கணக்கில் எடுப்பது? 1970-களில் நிக் பார்ட்டன் இதற்குச் சொரசொரப்புக்கு மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தார். மழமழப்புக்கு 0, கரடுமுரடுக்கு 20. 1977-ல் அவரும் சௌபே என்பவரும் பத்து மாதிரிக் கோடுகளை வரைந்து வெளியிட்டார்கள். ஊசிகளைச் சீப்புபோல வரிசையாகச் செருகிய ஒரு கருவியைப் பாறைமேல் அழுத்தினால் ஊசிகள் மேடுபள்ளத்துக்கு ஏற்றபடி நகர்ந்து நிற்கும். அந்த வடிவத்தைத் தாளில் வரைந்து, பத்துக் கோடுகளில் எதைப்போல இருக்கிறது என்று கண்ணால் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இன்றும் சைட்டில் நடப்பது பெரும்பாலும் இதுதான். இரண்டு பேர் பார்த்தால் இரண்டு மதிப்பெண் வருவதும் உண்டு.

பார்ட்டனின் சூத்திரம் சொல்வதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். சொரசொரப்பு 10 மதிப்பெண், விரிசலின் சுவர்ப் பாறை 100 மெகாபாஸ்கல் தாங்கக்கூடியது, அடிப்படை உராய்வுக் கோணம் 30 பாகை. ஏறக்குறைய 40 மீட்டர் பாறை மேலே இருக்கும் ஆழத்தில் அமுக்கம் ஒரு மெகாபாஸ்கல். அங்கே மொத்தக் கோணம் 50 பாகை வருகிறது. பத்து மடங்கு ஆழத்துக்குப் போனால் அதே விரிசலுக்கு 40 பாகைதான். பற்கள் அங்கே சீக்கிரம் முறிகின்றன என்பதைச் சூத்திரம் தன் பாஷையில் சொல்கிறது.

நடுவில் களிமண் இருந்தால்

இதுவரை சொன்னது கல்லோடு கல் தொடும் விரிசலுக்கு. விரிசலுக்குள் களிமண் புகுந்து, அதன் பருமன் பற்களின் உயரத்தைத் தாண்டிவிட்டால், பாறையும் பாறையும் தொடுவதே இல்லை. மேலே கருங்கல் கீழே கருங்கல் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை, வழுக்கப்போவது களிமண்ணில். அந்தக் களிமண் ஏற்கெனவே ஒரு முறை வழுக்கித் தேய்ந்ததாக இருந்தால் கோணம் 10 பாகை அளவுக்குக்கூட இறங்கிவிடும்.

வட இத்தாலியின் வயோன்ட் அணைக்கு மேலே, டோக் மலையில் இருந்தது அப்படிப்பட்ட களிமண். சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே சில சென்டிமீட்டர் கனத்தில் மெல்லிய பட்டைகளாக ஓடியது. நீர்த்தேக்கத்தில் தண்ணீரை ஏற்றியபோதெல்லாம் மலை மெல்ல நகர்ந்தது. 1960-லேயே உச்சியில் நீண்ட விரிசல் தெரிந்தது. 1963 அக்டோபர் 9 இரவு, சுமார் 27 கோடி கன மீட்டர் பாறை ஒரே மூச்சில் தேக்கத்துக்குள் இறங்கியது. எழும்பிய அலை அணையைத் தாண்டிப் பள்ளத்தாக்கில் விழுந்தது. லோங்கரோனே ஊர் அழிந்தது. ஏறக்குறைய 2,000 பேர் இறந்தார்கள். 262 மீட்டர் உயரமான அணை உடையவில்லை, இன்றும் நிற்கிறது. பிற்பாடு 1985-ல் அந்த வழுக்குப் பரப்பை நேரில் ஆராய்ந்து களிமண் பட்டைகளைப் பற்றியும், அது பழங்காலத்திலேயே ஒரு முறை சரிந்த மலை என்பதைப் பற்றியும் விரிவாக எழுதிய இருவரில் ஒருவர், பிளாஸ்டர் பற்களைத் தள்ளிப் பார்த்த அதே பாட்டன்.

திசையும் தண்ணீரும்

விறகு பிளந்தவர்களுக்கு இது தெரியும்: நார் ஓடும் திசையில் போட்டால் ஒரே வெட்டு, குறுக்கே போட்டால் கோடரி துள்ளும். பாறையும் அப்படித்தான். விசையின் திசைக்கும் விரிசலின் சாய்வுக்கும் உள்ள கோணத்தைப் பொறுத்து, அதே பாறை முழுப் பலத்தோடும் நிற்கும், பாதிப் பலம்கூட இல்லாமலும் போகும். மலைச்சரிவில் விரிசல் மலைக்குள் சாய்ந்திருந்தால் பயம் குறைவு. சாலையைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் கவலைப்பட வேண்டும். இரண்டு விரிசல்கள் குறுக்கே வெட்டிக்கொண்டு நடுவில் ஓர் ஆப்பு வடிவத் துண்டை விட்டுவைத்திருந்தால், அந்த ஆப்பு வெளியே வர வழி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

அப்புறம் தண்ணீர். தண்ணீர் எண்ணெய்போல வழவழப்பைக் கொடுத்துப் பாறையை வழுக்க வைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது காரணமே இல்லை. தண்ணீர் பாறையைத் தூக்குகிறது. ஒரு கணக்குப் போடலாம். 35 பாகை சாய்ந்த விரிசலின் மேல் 100 டன் பாறை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதன் எடையில் 57 டன் சாய்வை ஒட்டிக் கீழே இழுக்கிறது, 82 டன் பரப்பை அமுக்குகிறது. உராய்வுக் கோணம் 40 பாகை என்றால் அமுக்கத்தில் 0.84 மடங்கு எதிர்ப்பு கிடைக்கும், அதாவது 69 டன். 57-ஐ 69 பிடித்துக்கொள்கிறது, பாறை நிற்கிறது.

மழை பெய்து விரிசலுக்குள் தண்ணீர் தேங்குகிறது. பாறையின் அடிப்பரப்பு 12 சதுர மீட்டர், சராசரியாக இரண்டு மீட்டர் நீர்மட்ட அழுத்தம் என்று வைத்தால், தண்ணீர் சுமார் 25 டன் விசையோடு அடியிலிருந்து தூக்குகிறது. அமுக்கம் 57 டன்னாகக் குறைந்துவிட்டது. எதிர்ப்பு 48 டன்தான். இழுப்பு என்னவோ அதே 57. பாறை கிளம்பிவிட்டது. கல்லும் மாறவில்லை, சொரசொரப்பும் மாறவில்லை, சாய்வும் மாறவில்லை.

இந்தக் கணக்கை உலகத்துக்குக் கொடூரமாகக் காட்டியது பிரான்ஸின் மல்பாசே அணை. தென்கிழக்கே ஃப்ரேஜூஸ் நகரத்துக்கு மேலே, ரேய்ரான் என்ற சின்ன ஆற்றின் குறுக்கே, 66 மீட்டர் உயரத்தில் கட்டிய வில் வடிவ அணை. வடிவமைத்தவர் அந்தக் காலத்தின் மிகப் பெரிய அணைப் பொறியாளர்களில் ஒருவரான ஆந்த்ரே கோய்ன். வில் அணை தன் எடையால் நிற்பதில்லை. தண்ணீரின் தள்ளலை இரு கரைப் பாறைகள் மேல் சாய்த்துவிட்டு நிற்கும். அடிவாரத்திலேயே கனம் ஏழு மீட்டருக்குக் குறைவு. கரைப் பாறைதான் அணையில் பாதி என்று சொல்லலாம்.

கரையில் இருந்தது நைஸ் (gneiss) என்ற பாறை, தகடு தகடாகப் படர்ந்த அமைப்பு. ஐந்து வருடம்போலத் தேக்கம் மெல்ல மெல்ல நிறைந்தது. 1959 நவம்பர் கடைசியில் கனமழை. மட்டம் விறுவிறுவென்று ஏறியது. டிசம்பர் 2 இரவு ஒன்பது மணி தாண்டியதும் இடது கரை பிடுங்கிக்கொண்டு போனது. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கான்கிரீட்டைச் சோதித்தார்கள், குறை தென்படவில்லை. வில்லின் கணக்கும் சரியாகவே இருந்தது.

பின்னால் வந்த ஆய்வுகள் பாறைக்கு அடியில் நடந்ததை இப்படிக் கோத்தன. இடது கரையில் அணையின் தள்ளலும் தகடுகள் ஓடும் திசையும் ஏறக்குறைய ஒரே பக்கம் இருந்தன. அதனால் விசை பரவி அடங்காமல், ஒரு குறுகிய பட்டையாக ஆழத்துக்கு இறங்கியது. அந்த அமுக்கம் பட்டையில் இருந்த விரிசல்களை இறுக்கி மூடியது. கேட்க நல்லதுபோல இருக்கிறதல்லவா? மூடிய விரிசலில் தண்ணீர் கசிய முடியாது. அணைக்கு அடியில், பாறைக்குள்ளேயே, யாரும் கட்டாத இன்னோர் அணை உருவாகிவிட்டது. தேக்கத்தின் பக்கம் இருந்த விரிசல்களிலோ தண்ணீர் முழு அழுத்தத்தோடு நின்றது. சற்றுக் கீழ்ப்புறம் ஒரு நிலப்பிளவு, ஆற்றின் மேற்புறம் நோக்கிச் சாய்ந்து பாறைக்கு அடியில் ஓடியது. தகட்டு விரிசல் ஒரு பக்கம், நிலப்பிளவு மறுபக்கம், நடுவில் ஒரு பெரிய ஆப்பு. தண்ணீர் அதைத் தூக்கியும் தள்ளியும் விட்டது. ஆப்பு கிளம்பியபோது மேலே நின்ற அணையும் அதோடு போனது.

அடியில் இருந்த அந்த நிலப்பிளவை, அணை கட்டுவதற்கு முன்பு யாரும் கவனிக்கவில்லை. பாறை இயக்கவியலுக்கென்று தனியாக ஓர் உலகச் சங்கம் 1962-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் தொடங்கியது. மல்பாசேயின் அதிர்ச்சி அப்போது இன்னும் ஆறியிருக்கவில்லை.

இப்போது நம் 100 டன் பாறைக்குத் திரும்புவோம். 57 டன் இழுப்பு, 48 டன் எதிர்ப்பு. இதை எப்படி நிறுத்துவது? ஒரு வழி, பாறையைத் துளைத்துப் பின்னாலிருக்கும் கெட்டிப் பாறைவரை இரும்புக் கம்பியைச் செலுத்தி முறுக்கிவிடுவது. பரப்புக்குச் செங்குத்தாக 20 டன் இழுவை கொடுத்தால் அமுக்கம் 77 டன்னாக ஏறும், எதிர்ப்பு 65 டன் வரும், பாறை நிற்கும். இன்னொரு வழி, சாய்வாகச் சில துளைகள் போட்டு அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுவது. 25 டன் தூக்கலை 5 டன்னாகக் குறைத்தாலும் அமுக்கம் அதே 77 டன், எதிர்ப்பு அதே 65 டன். கம்பி செய்த வேலையை அப்படியே வெறும் ஓட்டை செய்துவிடுகிறது, அதுவும் மிகக் குறைந்த செலவில். மல்பாசேக்குப் பிறகு வில் அணைகளின் கரைப் பாறைக்குள் வடிகால் துளைகளும் அவற்றைப் பார்வையிட நடை சுரங்கங்களும் கட்டாயம்போல ஆகிவிட்டன.

ஓட்டைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, அடைத்துக்கொள்ளும். மண்ணும் வேரும் சுண்ணாம்புப் படிவும் சேர்ந்து சில வருடங்களில் வாயை மூடிவிடும். மலைச்சாலைத் தடுப்புச்சுவரில் வரிசையாக இருக்கும் குழாய் வாய்களில் மழைக்காலத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தால், சுவர் ஒழுகுகிறது என்று யாராவது சிமென்ட் பூசி அடைப்பதும் நடக்கிறது. அடைத்தவருக்கு அந்த 25 டன் கணக்கை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.